தனியாக ஓட்ட எந்தக் கட்டமரான்? காசல்ரீயை மனதில் வைத்து ஒரு பதில்

நோர்வூட்டில் இருக்கிறீர்கள். எடை 62 கிலோ. பொல்கொட வாவியில் இரண்டு வருடம் லேசர் என்ற ஒற்றை உடல் பாய்ப்படகை ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். இனிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தனியாக ஓட்ட ஒரு சிறிய பந்தயக் கட்டமரான், அதாவது இரண்டு மிதவைகளைக் குறுக்கே இணைத்த பாய்ப்படகு, வாங்க நினைக்கிறீர்கள். கரையோரத்தில் ஒரு பழைய ஹோபி 16 மலிவாக வருகிறது. ஏ-கிளாஸ், எஃப் 16 என்ற வேறு இரண்டு கட்டமரான் வகைகள் பற்றியும் படித்துவிட்டு, இவற்றில் எது வேகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தந்த விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு. காப்பாற்ற வேறு படகே இல்லாத தண்ணீரில், கவிழ்ந்த படகை 62 கிலோ உள்ள ஒருவர் தனியாக நிமிர்த்த முடியுமா? இதற்கு ‘முடியும்’ என்று பதில் வரும் படகுகளுக்குள் வேகமானதைத் தேடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

லேசர் கவிழ்ந்தால் நடுப்பலகையில் (படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்க அடியில் இறக்கும் பலகை) ஏறி நின்றதும் எழுந்துவிடும். அதன் உடல் 59 கிலோதான், அகலமும் குறைவு. கட்டமரானில் அப்படி நடக்காது. பக்கவாட்டில் விழுந்ததும் ஒரு மிதவை தண்ணீரில் கிடக்கும், இன்னொன்று தலைக்கு மேலே இரண்டேகால் மீட்டர் உயரத்தில் நிற்கும், நடுவிலுள்ள வலைத்தளம் சுவர் மாதிரி இருக்கும். பாய்மரமும் பாயும் தண்ணீரில் படுத்திருக்கும். நீங்கள் கீழ் மிதவையில் நின்று, கயிற்றைப் பிடித்து, மரத்துக்கு எதிர்ப்பக்கம் மல்லாந்து சாய வேண்டும். ஹோபி 16 போன்ற படகுக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மரமும் நனைந்த பாயும் சேர்ந்து 20 கிலோ, அவற்றின் எடை மையம் மூன்றரை மீட்டர் தள்ளி என்று வைத்தால் நெம்புவிசை 70. உங்கள் 62 கிலோவை ஒரு மீட்டர் வெளியே சாய்த்தால் 62. எட்டுப் புள்ளிதானே குறைவு என்று தோன்றும். அந்த எட்டு இல்லாததால் படகு அசையாது. பாயின் மேல் தேங்கிய தண்ணீர் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. மரத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கணக்கே வேண்டாம், நிமிராது.

அதனால் ஹோபி 16 உங்களுக்கு வேண்டாம். அது நல்ல படகு, உலகத்தில் மிக அதிகமாக ஓடும் கட்டமரான்களில் ஒன்று, உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இருவர் ஓட்டுவதற்கென்று வரைந்தது. நீளம் 5.04 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ அளவு. நூறு கிலோவுக்குக் கீழ் உள்ள ஒருவர் காற்றின் உதவியோ தண்ணீர் நிரப்பி எதிர் எடையாகத் தொங்கவிடும் பையோ இல்லாமல் அதை நிமிர்த்துவது பெரும்பாலும் நடக்காது. ஓடும்போதும் சிக்கல் உண்டு. முன்பாயும் பெரிய பாயும் இருவரின் எடைக்கு அளவெடுத்தவை. அணியம், அதாவது மிதவையின் முன்நுனி, மெல்லியது. பின்னாலிருந்து காற்று பலமாகத் தள்ளும்போது காற்றொதுக்குப் பக்கத்து (காற்று போகும் பக்கத்து) அணியம் தண்ணீருக்குள் குத்தும், பின்பக்கம் எழும்பி, படகு முன்னோக்கிக் குட்டிக்கரணம் போடும். இருவர் இருந்தால் இருவரும் பின்னால் ஓடி அதைத் தடுக்கலாம். தனியாக இருப்பவர் ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பாய்க்கயிறுமாக அந்த அரை நொடிக்குள் பின்னால் போய்ச் சேர முடியாது. மலிவாக வருகிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

அதே குடும்பத்தில் தனியாளுக்கு வரைந்தது ஹோபி 14. நீளம் 4.27 மீட்டர், அகலம் 2.34, எடை 109 கிலோ அளவு, பாய் ஒன்றுதான். நடுப்பலகை இல்லை. மிதவையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, அந்த வடிவம்தான் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிறது. உங்கள் எடைக்குக் காற்று இருக்கும் நேரத்தில் முறையாகச் செய்தால் நிமிரும். காற்று விழுந்துவிட்டால் தண்ணீர்ப் பை வேண்டும். குறை என்னவென்றால், முன்பாய் இல்லாததால் காற்றுக்கு எதிரே திருப்பும்போது நடுவழியில் நின்றுவிடப் பார்க்கும். இதற்கு மாற்றாக டார்ட் 15 கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். இப்போது அதற்கு ஸ்பிரிண்ட் 15 என்று பெயர். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னாடோ கட்டமரானை வரைந்த ரொட்னி மார்ச்சின் வடிவமைப்பு. நீளம் 4.54 மீட்டர், அகலம் 2.13. குறுகலாக இருப்பதால் மேலே நிற்கும் மிதவையும் அவ்வளவுக்குத் தாழ்ந்து வருகிறது. நடுப்பலகைக்குப் பதிலாக மிதவையின் அடியிலேயே வார்த்த சிறிய துடுப்பு உண்டு. பாயின் அடியைப் பிடிக்கும் குறுக்குக் கழியான பூம் கிடையாது. தனியாக ஓட்டுபவர் அவசரத்தில் குனிய மறந்தாலும் மண்டையில் அடிபடாது. இலங்கையில் தேடினால் ஹோபிதான் அதிகம் கண்ணில் படும், டார்ட்டுக்குக் காத்திருக்க வேண்டிவரலாம்.

நடுப்பலகை இல்லாத படகை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் நம் நீர்த்தேக்கங்களின் அடி. காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் இயற்கை ஏரிகள் அல்ல, 1960களில் பள்ளத்தாக்கை மறித்துத் தேக்கியவை. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிறைந்திருக்கும்போது அந்தச் சுவர்கள் எங்கே போய்விட்டன? அடியில்தான் இருக்கின்றன. அடிமரங்களும் பழைய வேலிக்கற்களும் அப்படியே. செங்குத்தாக இறங்கும் நடுப்பலகை எதிலாவது மோதினால் அது மடங்காது, பலகை பொருந்தியிருக்கும் பெட்டியையே பிளந்துவிடும். மிதவைக்குள் தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான். சுக்கான் மோதினால் மேலே மடங்கும், அதற்கென்று பொறி உண்டு. நடுப்பலகைக்கு அது இல்லை.

ஏ-கிளாஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் மனம் அங்கே போனது நியாயம். தனியாளுக்கென்றே விதி எழுதி, அந்த விதிக்குள் யாரும் எப்படியும் கட்டலாம் என்று விட்ட வகுப்பு அது. நீளம் அதிகபட்சம் 5.49 மீட்டர், அகலம் 2.30, பாயும் மரமும் சேர்ந்த பரப்பு 13.94 சதுர மீட்டர், எடை குறைந்தது 75 கிலோ. இந்த 75ஐக் கவனியுங்கள். ஹோபி 16இன் ஏறத்தாழ பாதி. மரம் கார்பன் ஃபைபர், அதனால் மேல் எடை குறைவு, நிமிர்த்துவது ஹோபி 14ஐவிடச் சுலபமாகவே இருக்கும். என் அளவுகோலில் அது தாராளமாகத் தேறுகிறது. ஆனாலும் முதல் படகாக வேண்டாம் என்கிறேன். ஒன்று, ஒரு மீட்டர் அளவு இறங்கும் நடுப்பலகை. இரண்டு, மிதவையின் தோல் மிக மெல்லியது, முழங்காலை அழுத்தி ஊன்றினாலே சில பழைய படகுகளில் மேல்தளம் பள்ளம் விழும். மூன்று, பழுது. ஹோபியின் பொலியெஸ்டர் மிதவையை மீன்பிடி ஃபைபர் படகு கட்டும் எந்தப் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். கார்பனும் எப்பொக்சியுமான மிதவையில் அதே பொலியெஸ்டர் பிசினைப் பூசினால் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் தகடாகக் கழன்றுவிடும். எப்பொக்சி தெரிந்த கையும், காற்றை உறிஞ்சி அழுத்தும் வசதியும் வேண்டும். வாங்குவதாக இருந்தால் பழைய நேர்ப்பலகை மாதிரியை வாங்குங்கள். தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் புதிய மாதிரி, சுழன்றடிக்கும் மலைக்காற்றில் தனியாகப் பழகுவதற்கு ஏற்றதல்ல.

எஃப் 16ஐ ஒருவரும் ஓட்டலாம், இருவரும் ஓட்டலாம். 5 மீட்டர் நீளம், 2.5 அகலம், 8.5 மீட்டர் மரம், 17.5 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் முன்னால் விரிக்கும் பெரிய பாய்). துணைக்கு ஒருவர் அடிக்கடி வருவார் என்றால் யோசிக்கலாம். நீங்கள் தனியாகத்தான் என்கிறீர்கள். காசல்ரீயின் கைகள், அதாவது பள்ளத்தாக்குகளுக்குள் நீளும் நீர்ப்பகுதிகள், குறுகலானவை. ஸ்பின்னேக்கரை ஏற்றிப் பிடித்து ஓட ஆரம்பிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடும்.

இனிக் காற்று. மலையேறினால் காற்று மெலியும் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியா கிரகரி வாவியில், 1,870 மீட்டர் அளவில், ஆறில் ஒரு பங்கு குறைவு. பொல்கொடவில் 10 நொட் காற்று தரும் தள்ளலுக்குக் காசல்ரீயில் பத்தரையும் நுவரெலியாவில் பதினொன்றும் வேண்டும். பாயைப் பெரிதாக்கும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம் அல்ல. மலைக்காற்றின் ஒழுங்கின்மைதான் அதைவிடப் பெரிய விஷயம். தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டம்பர் வரை, காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கீழே விழுகிறது. நான்கு நொட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பதினைந்து வரும், திசையும் முப்பது நாற்பது பாகை திரும்பியிருக்கும். இந்த அளவுகள் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் மாறும். எந்த மூலையில் எப்படி விழும் என்பதை யாரும் எழுதித் தர முடியாது. ஒரு வாரம் மாலையில் தேயிலை மலையில் ஏறி நின்று தண்ணீரைப் பாருங்கள். கறுத்த திட்டுகள் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகின்றன, எங்கே கலைகின்றன என்று குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் வரைபடம்.

அப்படிப்பட்ட காற்றில் பாய்க்கயிற்றை ஒருபோதும் படகிலுள்ள பல்வைத்த கயிற்றுப்பிடியில் மாட்டிவிட்டு ஓட்டாதீர்கள், கையிலேயே இருக்கட்டும். பாய்க்கயிற்றின் அடியைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவலரை நடுவிலிருந்து ஒரு முழம் வெளியே விட்டு வையுங்கள். காற்று அடிக்கும்போது உடனே காற்றொதுக்குப் பக்கம் திருப்பித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. கட்டமரானில் காற்றைப் பக்கவாட்டில் வாங்கும் கோணத்தில்தான் விசை உச்சம். அதற்குள் நீங்களாகவே படகைக் கொண்டு போனால் அணியம் குத்தும். முதலில் கயிற்றை விடுங்கள், பின்னால் நகருங்கள், பிறகு திருப்புங்கள்.

திருப்புவதிலும் லேசர் பழக்கம் கொஞ்சம் இடைஞ்சல் செய்யும். லேசர் தன் அச்சில் சுழலும். கட்டமரான் இரண்டு தண்டவாளத்தில் ஓடுவது போன்றது. வேகம் இருக்கும்போது தொடங்குங்கள். சுக்கானை மெதுவாகத் தள்ளுங்கள், வெட்டித் தள்ளினால் அதுவே பிரேக். அணியம் காற்றுக்கு நேர் வரும்வரை பாய் இறுக்கமாகவே இருக்கட்டும், அது பின்பக்கத்தைத் தள்ளித் திருப்ப உதவும். நேர் வந்ததும் கயிற்றை ஒரு முழம் தளர்த்திவிட்டு மறுபக்கம் போங்கள். நின்றுவிட்டால் பதற வேண்டாம். படகு பின்னோக்கி நகரத் தொடங்கும், அப்போது சுக்கானை எதிர்ப்பக்கம் மாற்றிப் பிடித்து, பாயைக் கையால் வெளியே தள்ளினால் பின்னால் போய்க்கொண்டே திரும்பிவிடும். குறுகிய கையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே முதல் மாதம் இந்த ஒன்றையே பழகுங்கள்.

கரையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெப்ரவரி முதல் பருவமழை பிடிக்கும்வரை நீர்மட்டம் நன்றாக இறங்கிவிடும். தேயிலைக்கும் தண்ணீருக்கும் இடையில் செம்மண் சரிவு நீண்டு கிடக்கும், மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே கணுக்கால் புதையும். அதில் 145 கிலோவைத் தனியாக ஏற்ற முடியாது. 109ஐ அகலமான ரப்பர் சக்கரத்தில், இடையிடையே நிறுத்தி ஏற்றலாம். ஒல்லிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். கொண்டுவருவதற்கும் வழி யோசிக்க வேண்டும். மிதவைகளையும் குறுக்குத் தண்டுகளையும் கழற்றினால் சாதாரண லொறியில் வரும். மரம்தான் தொல்லை. ஏ-கிளாஸ் மரம் 9 மீட்டர், ஒரே துண்டு. கினிகத்தேனை வளைவுகளில் லொறிக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் நீட்டிக்கொண்டு வந்தால் வளைவில் அது எதிர்வரும் பஸ்ஸின் பக்கம் வீசும். விடிகாலையில், சிவப்புத் துணி கட்டி, பின்னால் ஒரு வாகனம் வரக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் இன்னொன்றும் கவனியுங்கள். 20 அடிக் கொண்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர், உள்அகலம் 2.35. ஏ-கிளாஸின் உடல் கழற்றாமலே போகும், மரம் போகாது.

பழைய படகு பார்க்கப் போகும்போது விலை பேசுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். ஒரு நாணயத்தால் மிதவை முழுவதையும், முக்கியமாக முன் குறுக்குத் தண்டுக்கு முன்னால் உள்ள மேல்தளத்தை, விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று இறுகிய சத்தம் தரும். உள் அடுக்கு கழன்ற இடத்தில் சத்தம் செத்து, அட்டைப் பெட்டியைத் தட்டியது போல ‘தொப்’ என்று கேட்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து, அடைப்பைக் கழற்றி மிதவைக்குள் வாயால் ஊதி, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. கம்ப்ரசரால் காற்றடிக்க வேண்டாம், நல்ல மிதவையே பிளந்துவிடும். வலைத்தளத்தின் தையலை நகத்தால் கிளறுங்கள், வெயில் தின்றிருந்தால் நூல் தூளாகும். மலையில் புற ஊதாக் கதிர் இன்னும் கடுமை, மூடி வைக்கத் துணி வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் அழுத்திய முனைக்குப் பக்கத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்ற வேண்டும். மரத்தைத் தண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்திவிட்டு ஒரு முனையைத் தூக்கி ஆட்டுங்கள், உள்ளே சலசலத்தால் அடைப்பு போய்விட்டது.

எடை போட வழி இல்லையே என்று நினைக்காதீர்கள். படகு மலைக்கு வந்தபின், கொழுந்து மடுவத்தில் இருக்கும் தொங்கு தராசு போதும், கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் மாலை நிறுவை முடிந்ததும் தருவார். மிதவையைக் கழற்றி, ஒரு முனையைக் கட்டையில் வைத்து, மறுமுனையைத் தராசில் மாட்டி எழுதுங்கள். பிறகு முனையை மாற்றி மாட்டி எழுதிக் கூட்டுங்கள். இரண்டு மிதவைக்கும் இடையே மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கனமானது தண்ணீர் குடித்திருக்கிறது. அடைப்பைத் திறந்து, உள்ளே ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டு, இரண்டு வாரம் காயவைத்து மறுபடி நிறுங்கள். குறையவே இல்லையென்றால் தண்ணீர் உள்நுரைக்குள் போய்விட்டது.

வாங்கிய படகில் உடனே சேர்க்க வேண்டியவை மூன்று. மரத்தின் உச்சியில் ஒரு மிதப்பான். இது இல்லாவிட்டால் படகு தலைகீழாகும். அடி ஐந்து மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஏழு மீட்டர் மரம் சேற்றில் குத்தி நிற்கும், அதை ஒருவர் பிடுங்க முடியாது. இரண்டாவது, 12 மில்லிமீட்டர் தடிப்பில் நான்கு மீட்டர் கயிறு. அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, வலைத்தளத்தின் அடியில் ரப்பர் கயிற்றால் ஒதுக்கிக் கட்டுங்கள். மூன்றாவது, 40 லீட்டர் பிடிக்கும் உறுதியான பை. தண்ணீர் நிரப்பித் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டுச் சாய்ந்தால், தண்ணீருக்கு வெளியே இருக்கும்வரை அது 40 கிலோ ஆள். நிமிர்த்தும் முறை இப்படி: பாய்க்கயிற்றையும் டிராவலரையும் முழுதாக விடுவியுங்கள். கீழ் மிதவையின் முன்பக்கம் போய் நில்லுங்கள், அணியம் அமிழ்ந்து பிடிக்கும், பின்பக்கத்தைக் காற்று தள்ளிச் சுழற்றும், கொஞ்ச நேரத்தில் அணியம் காற்றைப் பார்க்கும். அப்போது கயிற்றைப் பிடித்து, முழங்கால் மடக்காமல், தலை தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாயுங்கள். பாய் தண்ணீரைவிட்டு ஒரு சாண் எழுந்தால் காற்று அதன் அடியில் புகுந்து மீதியைச் செய்யும். மேல் மிதவை விழும்போது குறுக்குத் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படகு உங்களை விட்டுப் போய்விடும். மலைத்தண்ணீர் குளிர்ச்சி. பலம் முதல் பத்து நிமிடத்தில்தான். உயிர்காப்பு அங்கியும் அரை உடல் வெட்சூட்டும் இல்லாமல் இறங்காதீர்கள்.

மின்கம்பி பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தை நிமிர்த்துவதற்கு முன்னும், நிமிர்த்திய படகைச் சக்கரத்தில் தள்ளுவதற்கு முன்னும், தலைக்கு மேலே பாருங்கள். அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும், கார்பனும் கடத்தும். தோட்டத்துக்குப் போகும் கம்பி கரைக்கு மேலாகத் தொய்ந்து போகும் இடங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வரும். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது உங்கள் மரம் மட்டும்தான். அந்த மாதங்களில் காலையில் ஓடிவிட்டுப் பகல் ஒரு மணிக்குள் கரையேறுங்கள். அணைக்கட்டுப் பக்கமும், மின்நிலையத்துக்குத் தண்ணீர் இழுக்கும் வாய்ப் பக்கமும் போகவே கூடாது. நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்கும்போது இந்த எல்லையையும் குறித்துக் கேளுங்கள்.

சுருங்கச் சொன்னால், இப்போது டார்ட் 15, கிடைக்காவிட்டால் நல்ல நிலையிலுள்ள ஹோபி 14. இரண்டு பருவம் ஓடிக் கை பழகி, விக்டோரியா போன்ற அகன்ற நீர்த்தேக்கத்துக்குப் போக வசதி வந்தால், அப்போது நேர்ப்பலகை ஏ-கிளாஸ். படகைத் தட்டிப் பார்க்காமல் எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன், படகு இருக்கும் கரையிலேயே, மரத்தின் நீளத்தைவிட ஆழமான தண்ணீரில், ஒரு துணைப்படகை அருகில் நிறுத்தி, நீங்களே அதைக் கவிழ்த்து மூன்று முறை தனியாக நிமிர்த்திப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு படகைத் தேடுங்கள்.